மார்கழியில் அளந்த மண்டபம்

"…அவன் கண்ணுக்குப் படலன்னா, நான் மறைஞ்சி நின்னு என்னத்துக்கு ஆவப்போவுது?"

கேட்டவர் தையல்நாயகி அக்கா. அவர் கேட்டது தன் கொழுந்தனாரிடம். இருவருக்கும் நடுவில், கையில் ஒரு வைஃபை பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, வியர்வை வழிய நின்றவன் நான். சுவருக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. முகூர்த்தம் நெருங்கிவிட்டது.

இந்தக் கேள்வியின் முன்பாதியையும், கேட்டுவிட்டு அக்கா என்ன செய்தார் என்பதையும் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொல்லிவிட்டால் 'நல்லா இருந்துச்சு சார்' என்று எழுந்து போய்விடுவீர்கள். நாளைக்கு நீங்கள் ஒரு கட்டடத்துக்குள் போய், பெட்டியை எந்தச் சுவரில் மாட்டுவது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது இது உங்களுக்குப் பயன்பட வேண்டும். அதற்கு மார்கழியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் இல்லை. நெடுங்காட்டில் எங்களுக்கு விவசாயம். வாய்க்காலில் தண்ணீர் வராமல் போன ஒரு வருடம், ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொள்ளலாம் என்று காரைக்காலுக்கு வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். ரேடியோ போய் டிவி, டிவி போய் கேபிள், கேபிள் போய் கம்ப்யூட்டர். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, திரும்பப் பூட்டத் தெரியாமல் முழித்து, திட்டு வாங்கித்தான் கற்றேன். ஒரே ஒரு கெட்டிக்காரத்தனம் எனக்கு உண்டு. வேலை செய்யப் போன இடத்தில் மனிதர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பேன். கருவிகளைப் பற்றி நான் கற்றதில் பாதி இப்போது செல்லாது. அவர்கள் சொன்னது ஒவ்வொன்றும் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் வைஃபை என்ற சொல் எங்கள் ஊருக்குப் புதிது. கடற்கரைக்குப் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய கிடங்காம் அது. சுவர் ஒவ்வொன்றும் கையை நீட்டினால் மறுபக்கம் எட்டாத கனம். அதை வாங்கியவர் மேலே ஒரு மாடி எழுப்பி, அறைகள் கட்டி, மண்டபமாக்கியிருந்தார். அவருக்குத்தான் வைஃபை வேண்டியிருந்தது.

"பாரீசுலேருந்து பேரப்புள்ளைங்க வருதுங்க. ரூம் எப்புடி, ஏசி இருக்கா, ஒண்ணும் கேக்கறதில்ல. வைஃபை இருக்கான்னுதான் மொதக் கேள்வி" என்றார்.

மார்கழியில் வரச் சொன்னார். மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபம் சும்மா கிடக்கும். வெள்ளையடிப்பது, நாற்காலிக்குக் கால் போடுவது, கழிவறைக் குழாய் மாற்றுவது எல்லாம் அந்த மாதத்தில்தான். அந்த வரிசையில் நானும் ஒரு வேலை.

கட்டடத்தை ஒரு நிமிடம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். முகப்பில் முதலாளியின் ஆபீஸ் அறை. அதைத் தாண்டினால் ஒரு கனத்த சுவர், அதில் யானை போகிற அளவுக்கு அகலமான வாசல், அதற்குக் கதவு கிடையாது. வாசலுக்கு அப்பால் நீளமான மண்டபம். மண்டபத்தின் கடைசியில் மணவறை. மணவறைக்கு வலது பக்கம் இன்னொரு கனத்த சுவர், அதில் ஒரு சிறிய பக்கவாசல். அதன் வழியாக வெளியே வந்தால் ஒரு நடை. நடையில்தான் மாடிக்குப் போகிற படி. அப்படியே பின்னால் போனால் சாப்பாட்டுக் கூடம். இவ்வளவுதான்.

இரண்டு பெட்டிகள். ஒன்று மாடிப்படியின் உச்சியில், பாரீசுப் பிள்ளைகளுக்காக. அதில் தகராறு இல்லை. இன்னொன்றை எங்கே மாட்டுவது என்பதில்தான் முதலாளிக்கும் எனக்கும் இழுபறி. நான் மணவறைப் பக்கம் மாட்டலாம் என்றேன். அவருக்கு முகப்பில் வேண்டும்.

"உள்ள நொழஞ்ச ஒடனே கண்ணுல படணுங்க. எங்கப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டுங்க. பச்சையா மினுக்குதுல்ல, அது தெரியணும்."

"இது பாக்கறதுக்கு இல்லீங்க. காத்துல போற சமாச்சாரம்."

"ஜெனரேட்டர் பின்னாடிதான் கெடக்கு. ஒருத்தன் நம்புறானா? கரண்டு போயி அது கத்துனாத்தான் நம்புறான். இது கத்தவும் கத்தாது. கண்ணுலயும் படலன்னா, இருக்குன்னு நான் எப்புடிச் சொல்லிக் காசு கேக்கறது?"

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. சரி, அளந்து பார்த்துவிடுவோம் என்று அப்பா படத்துக்குப் பக்கத்தில் பெட்டியைத் தற்காலிகமாகக் கட்டி வைத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து முன்கையில் தாங்கிக்கொண்டு மண்டபம் முழுக்க நடந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த காவல்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, தட்டேந்திக்கிட்டு இங்க சுத்துறீங்க? சாப்பாடு பின்னாடில்ல போடுவாங்க?"

இன்றைக்கு உங்களிடம் கட்டடத்தின் படத்தைக் கொடுத்தால் எங்கே பச்சை, எங்கே சிவப்பு என்று வண்ணம் போட்டுக் காட்டும் மென்பொருள் இருக்கிறது. எங்களுக்கு லேப்டாப்பின் மூலையில் தெரிகிற ஐந்து கோடுகள்தான். மணவறைக்குப் போய் நின்றேன். ஐந்தும் நிரம்பி இருந்தன. அகல வாசல் வழியாக சிக்னல் தங்குதடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. முதலாளி ஜெயித்தார். அங்கேயே ஆணி அடித்தேன்.

அன்று மத்தியானம்தான் தையல்நாயகி அக்கா மண்டபத்தைப் பார்க்க வந்தார்.

அவரை எனக்கு முன்பே தெரியும். தருமபுரத்தில் என் வீட்டு வாசலில் கூடையை இறக்குவார். காரைக்கால்மேட்டிலிருந்து வருகிற மீன்காரர்களில் அவருக்கு மட்டும் குரல் தேவையில்லை. கூடையை இறக்கும் சத்தத்திலேயே தெரு எழுந்துவிடும். கணவர் இறந்து பல வருடம். மகன் ராஜவேலு பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தான். மகள் சுகந்திக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை பூவம் பக்கம்.

கொழுந்தனார் கலியபெருமாள் முதலாளியோடு ஆபீஸ் அறையில் பேசிக்கொண்டிருக்க, அக்கா மண்டபத்துக்குள் வந்தார்.

"அட, நம்ம தருமபுரத்துத் தம்பி! என்ன தம்பி, கம்ப்யூட்டரெல்லாம் வுட்டுட்டு மேளத்துக்குப் போயிட்டீங்களா?"

வைஃபை என்றால் என்ன என்று சொன்னேன். கம்பி இல்லாமலே பேசலாம் என்றேன்.

"செல்லுலதான் பேசுறமே."

"மொகம் பாத்துப் பேசலாங்க்கா. இங்க நடக்குறத அங்க உக்காந்து பாக்கலாம்."

அக்கா கேலியை நிறுத்திவிட்டார். "அங்கன்னா? பஹ்ரைன்லேருந்தா?"

"எங்கேருந்து வேணாலும்."

ராஜவேலுவுக்கு லீவு கிடைக்கவில்லை. படகு முதலாளி பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான். அப்பா இல்லாத வீட்டில் தங்கையைத் தூக்கி வளர்த்தவன். அவள் கல்யாணத்துக்காகவே கடல் தாண்டிப் போனவன். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வர வேண்டிய மச்சான். போனில் அழவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டானாம். 'தாலி ஏறுறத மட்டும் எப்புடியாச்சும் பாத்துட்டாப் போதும்மா.'

"இங்கதான் பொண்ணு மாப்புள உக்காருவாங்க" என்று மணவறை நடுவைக் காட்டினார். "இந்த எடத்துல வருதா பாருங்க."

லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். திரையின் மூலையை விரலால் தொடப்போய், மீன் கை என்று நினைத்தாரோ என்னவோ, விரலை மடக்கிக்கொண்டார்.

"அஞ்சும் இருக்குல்ல?"

"அஞ்சும் இருக்குக்கா."

"நான் எப்படியும் பாக்கப் போறதில்ல தம்பி. அவனாச்சும் பாக்கட்டும்."

கல்யாணக்கார அம்மாவுக்கு ஆயிரம் வேலை, சாப்பாட்டுக் கூடத்தில் நிற்பார், அதனால் பார்க்க முடியாது என்கிறார் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பிகளே, தங்கைகளே, இதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டடத்தை அளக்கப் போனால், சுவர் எவ்வளவு கனம் என்று கேட்கிறோம். இங்கே யார் எங்கே நிற்பார்கள் என்று கேட்பதில்லை. யார் எங்கே நிற்கக் கூடாது என்று கேட்கவே தோன்றுவதில்லை.

தை பிறந்தது. கல்யாணத்தன்று காலையில், விருந்தாளியாகப் பாதி, வேலைக்காரனாகப் பாதி, லேப்டாப் பையோடு போனேன். முதலாளியின் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து இணைத்தேன். மணி அடித்தது. ராஜவேலு வந்தான்.

அங்கே இன்னும் விடியவில்லை. ஒரு சின்ன அறை. பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டில்கள். மேல் கட்டிலில் யாரோ போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். கயிற்றில் கைலிகள் காய்கின்றன. அந்த அறையின் நடுவில், பட்டு வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறோடு அவன் உட்கார்ந்திருந்தான். தலையை நன்றாக வாரியிருந்தான். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் வேட்டி வரைக்கும் கட்டியிருந்தானே, அது இன்று வரை என்னை என்னவோ செய்கிறது.

"மாமா, தெளிவா தெரியுது மாமா. சாம்பார் வாசனையே வருதுன்னா பாத்துக்கங்களேன்."

"இரு, உள்ள தூக்கிட்டுப் போறேன்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அகல வாசலைத் தாண்டினேன். அவன் முகம் சதுரம் சதுரமாக உடைந்து, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோனது. கோடு ஒன்றுதான் இருந்தது. அதுவும் போய்விட்டது. பின்னால் வந்தேன், வந்தது. முன்னால் போனேன்; போனது.

நிமிர்ந்து பார்த்தேன். வாசலின் இரண்டு பக்கமும் வாழைமரங்கள்.

ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு. தார் தள்ளிய மரங்கள். இலைகள் விரிந்து, தாரும் பூவும் தொங்க, யானை போகிற வாசலில் இப்போது இரண்டு பேர் உரசாமல் போக முடியாது. மார்கழியில் அது திறந்த வாசல். கல்யாணத்தன்று அது பச்சைச் சுவர். நம் அலைக்குச் செங்கல் ஒரு எதிரி என்றால், தண்ணீர் இன்னொரு எதிரி. வாழைமரம் என்பது நிற்கிற தண்ணீர். மரத்தைத் தாண்டினால் மனிதர்கள். காரைக்கால்மேட்டுக் கரையே திரண்டு வந்து மண்டபத்தில் நின்றது. மனிதனும் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. காலி மண்டபத்தை அளந்துவிட்டு அஞ்சும் இருக்குக்கா என்று சொல்லியிருந்தேன். கல்யாண மண்டபத்தை, கல்யாணமே நடக்காத மாதத்தில் அளந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பந்தல்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன சார், மரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பூவன். பொண்ணோட சித்தப்பாவே தேடிப் புடிச்சி வெட்டியாந்தது."

சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "அவ்ளோதானா? ஒரு பக்கத்த மட்டும் அறுத்து வுட்டுடவா? அருவா வண்டியிலதான் இருக்கு."

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கடியில் நம் முன்னால் முதலில் வந்து நிற்கிற வழி எப்போதும் ஒரு அரிவாளோடுதான் வரும். சுலபமாக இருக்கும்; வேலையும் செய்யும். ஆனால் முகூர்த்த நேரத்தில், மணப்பெண் வாசலில், தார் தள்ளிய வாழையை அறுத்துச் சாய்த்தால், அந்தப் பெண் வாழ்க்கையில் எப்போது தலைவலி வந்தாலும் அந்த மரத்தைச் சொல்வார்கள். சிக்னலுக்காகப் போனவன் ஒரு குடும்பத்தின் மனதில் முள்ளை வைத்துவிட்டு வர முடியாது. வேண்டாம் என்றேன்.

இன்னொரு பொறி, லேப்டாப்பிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு செட்டிங்கைத் திருகுவது. கை பரபரத்தது. எத்தனையோ தடவை அப்படிச் செய்து நேரத்தைத் தின்றிருக்கிறேன். அன்றைக்கு மூடி வைத்தேன். வாழைக்குள் வழி இல்லை என்றால் மண்டபத்தைச் சுற்றித்தான் போக வேண்டும் என்று வெளியே வந்து, சாப்பாட்டுக் கூடத்தின் வழியாக நடைக்குள் நுழைந்து, மறுபடி திறந்தேன்.

மாடிப்படியின் அடியில் வந்ததும் ராஜவேலு உயிரோடு வந்துவிட்டான். படி உச்சியில் இருந்த பெட்டியின் சிக்னல் படிவழியே இறங்கி வந்துகொண்டிருந்தது. "மாமா, எங்க மாமா போயிட்டீங்க?"

அப்போதுதான் பார்த்தேன். அந்த நடையில், பக்கவாசலிலிருந்து ஒதுங்கி, சுவரில் சாய்ந்தபடி தையல்நாயகி அக்கா நின்றிருந்தார். புதுப் புடவை. பக்கத்தில் வேறு இரண்டு வயதான பெண்கள், அவர்களும் நெற்றியில் பொட்டு இல்லாதவர்கள். மூன்று பேரும் மண்டபத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், நாதஸ்வரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

நான் எப்படியும் பாக்கப் போறதில்ல என்று மார்கழியில் அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"யாரு, ராஜவேலா?" அக்கா கிட்டே வந்தார்.

"அம்மா!"

"சாப்ட்டியாடா?"

"இங்க இன்னும் விடியவே இல்லம்மா. நீ ஏம்மா இங்க நிக்கிற? உள்ள போவல?"

"நீ ஏன்டா இப்புடி எளைச்சிட்ட?"

"எங்கம்மா எளைச்சேன்? சட்ட பெருசு. ரூம்ல இருக்குறவருது. சுகந்தி எங்க?"

"மணவறையிலதான் இருக்கா. கூரப்பொடவ கட்டிட்டு வந்துட்டா."

"நல்லா இருக்காளா?"

அக்கா பக்கவாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நல்லா இருக்கான்னு சொன்னாங்க" என்றார்.

அந்த 'சொன்னாங்க'வைக் கேட்டதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு என்னைப் பார்த்தான். "மாமா, என்னைய உள்ள தூக்கிட்டுப் போங்க மாமா."

பக்கவாசலைத் தாண்டி ஒரு காலை வைத்தேன். நெல் கிடங்குச் சுவர் அவனை விழுங்கிவிட்டது. பின்னால் வந்தேன், வந்தான். நடையில் நின்றால் அவன் இருக்கிறான், கல்யாணம் இல்லை. மண்டபத்தில் நின்றால் கல்யாணம் இருக்கிறது, அவன் இல்லை.

உள்ளேயிருந்து ஐயரின் குரல் வேகம் பிடித்தது.

எனக்கு அந்த நேரத்தில் பெரிய புத்தி ஒன்றும் வரவில்லை. அவனை சிக்னல் இருக்கிற இடத்துக்குக் கொண்டு வந்தாயிற்று. சிக்னலை அவன் போக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாதா என்று ஒன்று தோன்றியது. அவ்வளவுதான். லேப்டாப்பைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு மாடிப்படியில் ஏறினேன். எங்கே பெட்டி மாட்டினாலும் கேபிளை அளவாக நறுக்காமல், ஒரு சுருள் கூடுதலாகச் சுற்றி ஆணியில் தொங்கவிடுவது என் வழக்கம். வீண் என்று பலர் திட்டியிருக்கிறார்கள். அந்தச் சுருளை அவிழ்த்தேன். பெட்டியைக் கழற்றினேன். மாடி அறைகளிலிருந்து பிரெஞ்சில் ஒரே கூச்சல். பாரீசிலிருந்து வந்திருந்த முதலாளியின் பேரப்பிள்ளைகளுக்கு இணையம் போய்விட்டது.

"கரண்டு வேணும்!" என்று கீழே பார்த்துக் கத்தினேன்.

"இருக்கு சார், எவ்ளோ வேணும்?" பந்தல்காரர் சீரியல் செட்டுக்கு இழுத்த ஒயரிலேயே ஒரு பிளக் பாயிண்டைத் தொங்கவிட்டு நீட்டினார். அவரிடம் ஒன்று கேட்டால் யோசிக்காமல் செய்வார் என்று சொன்னேனே, அது எப்போதும் கெட்டது இல்லை.

பெட்டியோடு படி இறங்கி, நடையைக் கடந்து, பக்கவாசலுக்கு வந்தேன். கேபிள் வந்துகொண்டே இருந்தது. வாசலைத் தாண்டியதும் மணவறையின் பக்கவாட்டில் பூ அலங்காரத் தட்டி ஒன்று மறைத்தது. தட்டியைத் தாண்டி ஓரடி வைத்தால் மணவறை முழுசாகத் தெரியும். அந்த ஓரடியில் கேபிள் முடிந்தது. பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

ஆணி அடிக்க முடியாது. முகூர்த்த நேரத்தில் சுத்தியல் சத்தமா? ஸ்டூல் வைத்தால் தட்டிக்குக் கீழேயே நிற்கும். யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் நான் பிடித்தால் மணவறைக்கு முன்னால் லேப்டாப்பை வைத்து அவனை மறுபடி இணைப்பது யார்? பந்தல்காரர் ஒயரின் அந்த முனையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுபடி நடைக்கு வந்து சுற்றும் முற்றும் பார்த்தேன். ஆண்களெல்லாம் மண்டபத்துக்குள்.

அப்போது உள்ளேயிருந்து கலியபெருமாள் வந்தார். இறந்துபோன தன் அண்ணன் இடத்தில் நின்று பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிறவர். தோளில் மாலை, கையில் ஈரம்.

"என்னங்க தம்பி இது? தாலியத் தட்டுல வச்சி ஊரெல்லாம் ஆசீர்வாதத்துக்குப் போயிருக்கு. ஒயரக் கொண்டாந்து கால்ல வுடுறீங்க?"

"ராஜவேலு பாக்கணுங்க. இத ஒருத்தர் தூக்கிப் புடிச்சாப் போதும். ரெண்டு நிமிசம்."

எனக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு பெட்டியின் ஓரத்தைப் பிடித்தது.

"அண்ணி" என்றார் கலியபெருமாள், குரலைத் தாழ்த்தி. கோபம் இல்லை, பயம்தான். "நீங்க அந்தாண்டயே நில்லுங்கண்ணி. நான் ஆள அனுப்புறேன்."

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கிறேன். என் வயதில் கதையை நிறுத்துவதற்குச் சலுகை உண்டு.

அந்த மண்டபத்தில் பிற்பாடு பெட்டியை மணவறைக்கு மேலே மாற்றி மாட்டினேன். முதலாளி முனகினார், அப்பா படத்துக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மட்டும் ஒன்று வைத்துக் கொடுத்தேன், சமாதானமானார். அதன் பிறகு எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், அது ஆள் நிறைந்து இருக்கும் நாளில் ஒருமுறை போய் நின்றுவிட்டுத்தான் ஆணியை எடுப்பேன். பள்ளிக்கூடம் என்றால் மணி அடிக்கும் நேரம், மருத்துவமனை என்றால் பார்வையாளர் நேரம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பெட்டி தூரத்தைக் கடக்கிறது என்று நமக்குப் பெருமை. கடக்கத்தான் செய்கிறது. என் மகள் இப்போது வெளிநாட்டில். தினமும் வீடியோவில் வருகிறாள். அவள் காதில் போட்டிருக்கும் கல் மினுங்குவது வரை தெரிகிறது. பேசி முடித்துத் திரை கருத்த பிறகு, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து கோடும் நிரம்பினால் ஏக்கம் தீரும் என்று ஒரு காலத்தில் நம்பித்தான் இந்தத் தொழிலைச் செய்தேன். அது தீர்வதில்லை. ஆனால் அந்தக் கோடு அறுந்துபோனால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன், எங்கே மாட்டுவது என்று கேட்காதீர்கள். யாருக்காக என்று முதலில் கேளுங்கள். இடம் தானாக வரும். சில சமயம் அது சுவராகக்கூட இருக்காது.

சரி, நடைக்கு வருவோம்.

நான் ஆள அனுப்புறேன் என்றார் கொழுந்தனார். அக்கா பெட்டியை விடவில்லை. படியில் இருந்த லேப்டாப் திரையில் பட்டு வேட்டியோடு மகன் சதுரம் சதுரமாக உறைந்து நின்றிருந்தான்.

"நீ ஆள அனுப்புறதுக்குள்ள தாலி ஏறிடும் கலியா. நாலு வருசமா கண்ணுக்குக் கர தெரியாம கடல்ல கெடக்கறான், இத ஒண்ணப் பாக்கத்தான். நல்லது நடக்கட்டும்னுதான நான் மறைஞ்சி நிக்கிறேன்? அந்த நல்லது அவன் கண்ணுக்குப் படலன்னா, நான் மறைஞ்சி நின்னு என்னத்துக்கு ஆவப்போவுது?"

கலியபெருமாள் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் அக்காவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டார்.

அக்கா என் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார், கூடையைத் தூக்குவதற்கு முன்னால் செருகுவாரே, அப்படி. பக்கவாசலைத் தாண்டினார். தட்டியைத் தாண்டினார். கேபிள் முடிகிற அந்த ஓரடியில், மண்டபம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் நின்று, பெட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார்.

நான் ஓடிப்போய் லேப்டாப்பை மணவறைக்கு முன்னால் வைத்தேன். சதுரம் சதுரமாக உடைந்திருந்த முகம் கூடி வந்தது. முன் வரிசையில் ஒரு சலசலப்பு கிளம்பி, எழும்புவதற்குள் கெட்டிமேளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. தாலி ஏறியது. எல்லாக் கையிலிருந்தும் அட்சதை பறந்தது. சுகந்தியின் தலையில் விழுந்தது, மாப்பிள்ளையின் தலையில் விழுந்தது, லேப்டாப்பின் மேல் விழுந்தது, அக்காவின் நரைத்த தலையிலும் விழுந்தது. ராஜவேலு ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையை உயர்த்தி, அந்த அறைக்குள் இல்லாத அரிசியைத் தூவினான்.

அக்காவின் கையில் தூவ எதுவும் இல்லை. அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேளம் ஓய்ந்து, கூட்டம் உட்கார்ந்து, நான் போதும் என்று சைகை காட்டிய பிறகும், அவர் கைகளை இறக்கவில்லை.